சாவியை ஏன் கீழே வைத்தாய்?

எழுந்து நில்!

நடந்தது என்ன? காரை ஓரம் கட்டும்போது இடது முன்சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசியது. நறநறவென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தாய். புத்தம் புது அலாய் வீலின் விளிம்பில் விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு. பக்கத்து இருக்கையில் இருந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுக்குத்தான் சொன்னேன், உனக்கெல்லாம் எதுக்கு காரு?" என்றார். அன்று சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாய். இன்றுவரை அதை எடுக்கவில்லை.

கல்லங்குறிச்சியிலும் அரியலூரிலும் பெரம்பலூரிலும் எத்தனை பேரை இப்படிப் பார்த்துவிட்டேன்! ஓட்டுநர் பள்ளிக்குப் பணம் கட்டி, ஆர்.டி.ஓ. முன்னால் ஓட்டிக் காட்டி, உரிமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறார்கள். கேட்டால் "டிராஃபிக் ஜாஸ்தி சார்" என்பார்கள். உண்மைக் காரணம் வீட்டு வாசலில் நிற்கும் காரின் இடது பக்கத்தில் இருக்கிறது. பெரிய விபத்தில் அடிபட்டு ஓட்டுவதை விட்டவர்களை எனக்கு அதிகம் தெரியாது. ஒரு உரசலுக்கும், அதைத் தொடர்ந்து வந்த நாலு வார்த்தைக்கும் பயந்து விட்டவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. உரசியதற்காக உன்மேல் கோபம் இல்லை. அதோடு உட்கார்ந்துவிட்டாயே, அதற்காகத்தான்.

சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். அந்தச் சிராய்ப்பை உன் கையால் நீயே சரிசெய்ய வேண்டும். கடையில் கொடுக்கக் காசு இருந்தாலும் முதல் முறை நீயே செய். எந்தப் பொருளைக் கழற்றி, தேய்த்து, பூசி, மறுபடி மாட்டத் தெரிகிறதோ, அந்தப் பொருளின் முன்னால் கை நடுங்காது. தைரியம் வேண்டும் என்று கண்ணை மூடி உட்கார்ந்து நினைத்தால் வராது. உப்புத்தாளைக் கையில் எடுத்து அரை மணி நேரம் தேய்த்துப் பார், வரும்.

முதலில் உன் சக்கரத்தில் என்ன கெட்டது என்று தெரிந்துகொள். அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. கார் சக்கரங்கள் வார்ப்பதற்குப் பெரும்பாலும் பயன்படும் கலவையில் ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும், அரை சதவீதத்துக்கும் குறைவான மெக்னீசியமும் இருக்கும். அதை உருக்கி, அச்சில் வார்த்து, உலையில் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து வலுவேற்றுகிறார்கள். சாலைக்கு வரும் முன்னே அந்த வகைச் சக்கரத்துக்கு மூன்று பெரிய சோதனைகள் உண்டு. வளைவில் திரும்பும்போது வரும் விசையைத் தாங்குகிறதா, பாரத்தைச் சுமந்துகொண்டு இலட்சக்கணக்கான சுற்றுகள் உருள்கிறதா, கனத்த எடை மேலிருந்து விழுந்தால் உடையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இத்தனையும் தாண்டி வந்த உலோகத்தின் மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் என்று பூச்சு இருக்கிறது. எல்லாம் சேர்ந்தாலும் கனம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். நடைபாதைக் கல் கிழித்தது அந்தப் பூச்சையும் அதற்கடியில் கொஞ்சம் உலோகத்தையும்தான். முழங்கால் தேய்ந்து தோல் உரிந்த பிள்ளைக்கு எலும்பு முறிந்துவிட்டது என்று யாராவது ஒப்பாரி வைப்பார்களா? நீ வைத்தாய்.

கல் ஏன் ஜெயித்தது என்றும் கேட்டுக்கொள். பொருள்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் மோஸ் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. தூய அலுமினியம் அதில் மூன்றுக்குச் சற்றுக் கீழே. சுண்ணாம்புக்கல் மூன்று. நடைபாதைக் கல்லின் கான்கிரீட்டில் இருக்கும் மணலும் கருங்கல் ஜல்லியும் ஆறு, ஏழு. அந்தச் சண்டையில் அலுமினியம் தோற்பது இயற்கையின் விதி. அதில் உன் தகுதிக்கு எந்தத் தீர்ப்பும் இல்லை.

அந்தக் கல்லின் பூர்வீகம் எது தெரியுமா? உன் ஊர்தான்! கல்லங்குறிச்சிக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குப் புவியியல் அறிஞர்கள் 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் கட்டுரைகளில் எழுதும் பெயர் அது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. கிரைஃபியா என்னும் கனத்த சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடந்து பாறையாக இறுகின. வாரணவாசியில் இருக்கும் புதைபடிம அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வா, இந்த மண்ணின் வயது உனக்குப் புரியும். அந்தச் சுண்ணாம்புக்கல்லைத்தான் வெட்டி எடுத்து அரைத்துச் சூளையில் சுட்டு சிமெண்ட் ஆக்குகிறார்கள். அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் சுற்றிலும் தனியார் ஆலைகள் வந்தன. இங்கிருந்து மூட்டை மூட்டையாகப் போன சிமெண்ட்தான் ஊர் ஊராக நடைபாதைக் கல்லாகவும் சென்டர் மீடியனாகவும் நிற்கிறது. உலகத்துக்குக் கல்லைக் கொடுத்த ஊரில் பிறந்துவிட்டு ஒரு கல்லுக்குப் பயப்படுகிறாயா?

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய டயர்களின் பக்கச் சுவர் குட்டையாகிவிட்டது. உன் டயரின் மேல் இருக்கும் எண்ணைப் படி. 185/65 ஆர் 15 என்றால் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். அதுவே 195/55 ஆர் 16 என்றால் 107 மில்லிமீட்டர்தான். பக்கச் சுவர் குட்டையாக ஆக, ரப்பர் பிதுங்கி நின்று விளிம்பைக் காப்பதும் குறைந்துவிடுகிறது. நம் அப்பாக்கள் காலத்து அம்பாசிடர் உரசியபோது ரப்பர் வாங்கிக்கொண்டது. உன் கார் உரசும்போது ரிம் வாங்கிக்கொள்கிறது. அவர்கள் ஒருபோதும் உரசாமல் ஓட்டினார்கள் என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே.

அலாய் வீலின் வரலாறே ஒரு தோல்வியில் தொடங்கியதுதான். 1924 ஆகஸ்ட் 3. பிரான்சில் லியோன் நகருக்கு அருகே கிராண்ட் பிரீ பந்தயம். எத்தோர் புகாட்டி தம்முடைய புதிய 'டைப் 35' கார்களோடு வந்து இறங்கினார். மற்றவர்கள் கம்பி ஆரச் சக்கரங்களில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், அகன்ற எட்டு ஆரங்களோடு அலுமினியத்தில் வார்த்த சக்கரங்களை அவர் மாட்டியிருந்தார். எல்லார் கண்ணும் அதன் மேல்தான். பந்தயம் தொடங்கியதும் டயர்கள் கழுத்தறுத்தன. ரப்பர் சரியாகப் பதப்படுத்தப்படாததால் பிய்ந்து பறந்தது. புகாட்டி கார்களில் முந்தி வந்ததற்கே கிடைத்தது 7-ஆவது இடம். இத்தனை பேர் பார்க்க இத்தனை பெரிய அவமானம் உனக்கு இன்னும் வரவில்லை. அந்த மனிதர் சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கம்பி ஆரத்துக்குத் திரும்பினாரா? இல்லை. பழுது எங்கே என்று பார்த்தார். சக்கரத்தில் இல்லை, டயரில் என்று கண்டார். அதே வகைக் கார்கள் அதே அலுமினியச் சக்கரங்களோடு, சிசிலித் தீவின் மலைப் பாதையில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை 1925 முதல் 1929 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து வென்றன. இன்று உன் வாசலில் நிற்கும் சக்கரம் அந்த வம்சத்தில் வந்தது.

ஊர் வாயைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கையே, இது முக்கியமாக உனக்கு. ஆண்பிள்ளை உரசினால் "பரவாயில்லை, பழகிடும்" என்பார்கள். நீ உரசினால் "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீயரிங்" என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி 1993-இல் தமிழ்நாடு அரசுப் பேருந்தின் ஓட்டுநராக வேலைக்குச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பெயர் பெற்றவர் அவர். பவர் ஸ்டீயரிங் இல்லாத கனத்த பேருந்தை, குறுகிய சாலைகளில், ஏறி இறங்கும் பயணிகளின் உயிரைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டினார். அவரைப் பார்த்தும் இதே வாய்கள் பேசியிருக்கும். பேசிய வாய்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை, அவர் பெயர் இருக்கிறது. உன் அளவு காருக்கு இத்தனை தயக்கமா?

ஒருமுறை விழுந்ததால் எதுவும் உதவாததாகிவிடாது என்பதைக் கல்லங்குறிச்சிக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை. கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலின் மூலவர் யார்? கருவறையில் நிற்பது 12 அடி உயரக் கல் கம்பம். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த அந்தக் கம்பம் வழியில் கீழே விழுந்தது என்றும், காட்டில் கேட்பாரற்றுக் கிடந்த அதன்மேல் காணாமல் போன பசு பால் சொரிவதை மங்கான் படையாட்சி கண்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. வண்டியிலிருந்து விழுந்த கல்லைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறோம். புரட்டாசிச் சனிக்கிழமை அந்தக் கம்பத்தின் முன்னால் கூட்டத்தில் நின்று கை கூப்புகிறாய். விழுந்தது உதவாது என்று எந்த வாயால் சொல்கிறாய்?

சரி, வேலைக்கு வா.

முதல் வேலை, அஞ்சாமல் உண்மையைப் பார்ப்பது. தன்னம்பிக்கை என்ற பெயரில் ஆபத்தை மூடி மறைக்கும் ஆளை எனக்குப் பிடிக்காது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடு. நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கியை ஏற்று. சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டி, காரைத் தரையில் இறக்கிவிடு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையைக் கொடுக்காதே, எந்த அவசரத்திலும் கொடுக்காதே. கழற்றிய சக்கரத்தைச் சோப்பு நீரில் முன்னும் பின்னும் கழுவு. உள்பக்கத்தில் பிரேக் தூள் கருப்பாக அப்பியிருக்கும், அதையும் எடு. பிறகு டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார். ஆரம் சேரும் இடத்தில் மயிரிழை அளவு விரிசல் இருக்கிறதா? விளிம்பு உள்ளே மடங்கியிருக்கிறதா? டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் சோப்பு நீரை ஊற்றினால் குமிழி வருகிறதா? வண்டி ஓடும்போது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்ந்ததா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் உப்புத்தாளைக் கீழே வை. அது சிராய்ப்பு இல்லை. நல்ல சக்கரக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டு, தேவைப்பட்டால் புதிது வாங்கு.

விரிசலைப் பட்டி போட்டு மூடித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடு. வெல்டு வைத்துத் தருகிறேன் என்றாலும் அப்படித்தான். உலையில் சூட்டைக் கணக்கிட்டு ஏற்றி உண்டாக்கிய வலுவை வெல்டிங் சூடு அந்த இடத்தில் குலைத்துவிடும். வெளியே பளபளக்கும், உள்ளே பலம் இருக்காது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது அந்தச் சக்கரம் உன்னை மட்டும் ஏமாற்றாது, பின்சீட்டில் தூங்கும் குழந்தையையும் ஏமாற்றும். எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆகவேண்டும் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவன்தான் வேலைக்காரன்.

விரிசல் இல்லை, வளைவு இல்லை, வெறும் சிராய்ப்புதான் என்று உறுதியாகிவிட்டதா? இப்போது பயமில்லாமல் உட்கார். உன் சக்கரம் முழுக்கப் பெயிண்ட் அடித்த வகையா, முகத்தில் மட்டும் கோடு கோடாக உலோகம் மின்னும் டைமண்ட் கட் வகையா என்று பார். டைமண்ட் கட் என்றால் அந்த மினுமினுப்பைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. கணினி இயக்கும் லேத்தில் மாட்டி மேல்தோலைச் சீவ வேண்டும். ஒவ்வொரு முறை சீவும்போதும் உலோகம் குறைவதால் அதையும் ஓரிரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட சக்கரத்தை வைத்திருப்பவர்கள் முகம் முழுவதையும் ஒரே நிறமாக அடித்துக்கொள்வது நல்ல முடிவு. சக்கரத்துக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.

பெயிண்ட் வகை என்றால் கடைக்குப் போய்ச் சாமான்களை வாங்கு. 240, 400, 1000 நம்பர் வாட்டர் பேப்பர்கள், உலோகத்துக்கான பட்டி, அலுமினியத்தில் பிடிக்கும் பிரைமர், உன் சக்கரத்தின் நிறத்தில் ஒரு ஸ்ப்ரே டின், கிளியர் கோட் டின் ஒன்று, மாஸ்கிங் டேப், முகமூடி, கண்ணாடி. வீட்டில் பழைய சீட்டுக்கட்டு இருந்தால் எடுத்துக்கொள். டயருக்கும் ரிம்முக்கும் இடையில் அந்தச் சீட்டுகளை வரிசையாகச் செருகினால் பெயிண்ட் ரப்பரில் படாது.

கழுவிக் காய்ந்த இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடை. எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் பெயிண்ட் உரிந்து வரும். பாதிப் பேர் தோற்பது இந்தத் துடைப்பில் சோம்பல் பட்டுத்தான் என்பேன். அடுத்து 240 பேப்பரால் சிராய்ப்பின் கூர்முனைகளைத் தேய். கல் கிழித்த இடத்தில் உலோகம் பிசிறு பிசிறாக நிற்கும், அது கையைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள். சுற்றியிருக்கும் பழைய பெயிண்டின் விளிம்பும் படி போல நிற்காமல் சரிவாக இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவு. கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். நகம் மாட்டுகிறதா? அந்தப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி பார். மெல்லிசாகப் போடு, காய விடு, 400-இல் தேய், மறுபடி தடவு. மறுபடி நகம் மாட்டினால் மறுபடி பட்டி. இங்கேதான் உன் கை களைக்கும், மனம் "போதும், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லும். கேட்காதே! நீ பார்ப்பாய். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் நீ பார்ப்பாய். இன்னொரு முறை தேய்.

டயர் உட்காரும் உள் விளிம்பில் பட்டி போடாதே, காற்று கசியும். நட்டு உட்காரும் குழியிலும், சக்கரம் ஹப்போடு சேரும் பின்முகத்திலும் பெயிண்ட் படவிடாதே. அங்கே பெயிண்ட் இருந்தால் அது நசுங்கி நட்டு தளரும். பேலன்சிங் ஈயத் துண்டுகள் ஒட்டியிருந்தால் தொடாதே.

பெயிண்ட் அடிக்க நாள் பார். ஜோசியருக்காகச் சொல்லவில்லை, பெயிண்டுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் மேலே வெள்ளை பூத்துப்போகும். சித்திரை வெயிலில் நண்பகலில் சூடேறிய சக்கரத்தின் மேல் அடித்தால் தின்னர் பறந்து, மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். பனி விலகி வெயில் ஏறாத காலை நேரம் சரி. சிமெண்ட் லாரியும் டிப்பரும் போகிற சாலையோரத்தில் உட்காராதே. கொல்லைப்புறத்தில் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு, புழுதி அடங்கியபின் தொடங்கு. அடுப்போ பீடியோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

பிரைமரைப் பனி படிவது மாதிரி மெல்லிசாக இரண்டு முறை அடி. காய்ந்ததும் 1000 பேப்பரை நீரில் நனைத்து லேசாகத் தேய். அதன்பின் நிறம். ஒரே தடவையில் மூட நினைக்காதே, வழிந்துவிடும். மெல்லிசாக மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விடு. கடைசியில் கிளியர் கோட், அதுவும் அதே பொறுமையோடு. ஹார்டனர் கலக்கும் இரண்டு டின் கிளியர் கோட் இன்னும் உறுதியாக நிற்கும். ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும் பொருள். சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. அதைத் தகுந்த கவசத்தோடு பெயிண்ட் பூத் உள்ள கடைக்காரர்கள் செய்யட்டும், நீ முதல் முறை ஒற்றை டின்னில் நில். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடு. ஒரு வாரம் வரை பிரஷர் பம்பு வாட்டர் வாஷ் வேண்டாம்.

"உலோகம்தானே, அப்படியே விட்டால் என்ன" என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர்க் காற்று பதில் சொல்லும். காற்று பட்டவுடன் அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உண்டாகி உலோகத்தைக் காக்கும். அந்தப் படலத்துக்குக் காரம் எதிரி. சிமெண்ட் தூளில் நீர் பட்டால் அதன் பி.எச். அளவு 12-ஐத் தாண்டிவிடும், அது அந்தப் படலத்தைக் கரைக்கும். சிராய்ப்பின் ஓரத்தில் கிளியர் கோட்டுக்கு அடியில் ஈரம் புகுந்தால் வெண்ணிறப் புழு ஊர்ந்தது மாதிரி அரிப்பு உள்ளே உள்ளே போகும். இன்று விரல் நீளம், அடுத்த மழைக்காலத்தில் கை நீளம். ஆலைப் பக்கம் போய்வரும் வண்டிக்கு இந்த வேலை அழகுக்கு மட்டும் என்று நினைக்காதே. தள்ளிப் போடாதே, இந்த வாரமே செய்.

முதல் சக்கரம் கடையில் செய்தது போல வராது. நிறம் ஒரு சாயல் மாறும், ஓரத்தில் ஒரு சின்னத் திட்டு தெரியும். தெரியட்டும்! இரண்டாவது சக்கரத்தில் அது குறையும். அண்ணன் காரைக் கேள், மாமா காரைக் கேள், அவர்கள் சக்கரத்திலும் சிராய்ப்பு இருக்கும். உன்னைத் திட்டியவரின் காரை முதலில் போய்ப் பார், நிச்சயம் இருக்கும். அதையும் சரிசெய்து கொடு. அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வேலையில்லை என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். உங்கள் மாவட்டத்தில் சக்கரத்துக்குப் பஞ்சமா? இரவும் பகலும் லாரி, டிப்பர், பஸ். இப்போது வீட்டுக்கு வீடு கார், அதிலும் அலாய் வீல். டிங்கரிங் கடை இருக்கிறது, பஞ்சர் கடை இருக்கிறது. அலாய் வீலை மட்டும் ஒழுங்காகச் செய்து தரும் கை எத்தனை இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள். அரியலூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கம்ப்ரசர், ஸ்ப்ரே கன், பஃபிங் மிஷின் வாங்கக் கடன் வேண்டும் என்றால் மாவட்டத் தொழில் மையத்தின் படியேறிக் கேளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும், படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான மாநில அரசின் திட்டமும் மானியத்தோடு கடன் தருவதற்காகவே இருக்கின்றன. ஆலை வாசலில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று காத்திருக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். கை அழுக்காகும் வேலை என்று எவனாவது முகம் சுளித்தால் அவன் காரையும் வாங்கிச் செய்துகொடுத்து, முழுக் கூலியும் வாங்குங்கள்.

விரிசல் விழுந்த சக்கரத்தைக் கொண்டுவந்து "பார்வைக்கு நல்லா இருந்தாப் போதும், வித்துடப் போறேன்" என்று சொல்லும் வாடிக்கையாளர் ஒருநாள் கட்டாயம் வருவார். அன்று மறுத்து அனுப்புங்கள். அந்த ஒரு மறுப்புதான் உங்கள் கடையின் பெயர்ப்பலகை.

இனி உன்னிடமே திரும்பி வருகிறேன், ஆணியில் சாவியை மாட்டியவனே, மாட்டியவளே. பெயிண்ட் காய்ந்ததும் சக்கரத்தை மாட்டு. நட்டுகளை முதலில் கையால் திருகு, காரைத் தரையில் இறக்கு, பிறகு வட்டமாகப் போகாமல் எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கு. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களுக்கு அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் பஞ்சர் கடையில் கேட்டு வாங்கி இறுக்கு. பின் ஸ்டீயரிங் முன்னால் நீயே உட்கார். வலப்பக்க இருக்கை உன்னுடையது, யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. இடப்பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்து வை, பின்சக்கரமும் நடைபாதைக் கல்லும் ஒன்றாகத் தெரியும். முதலில் உரசிய அதே இடத்துக்குப் போய், அதே கல்லின் ஓரத்தில் நிறுத்து. ஒருமுறை சரியாக வரவில்லையா, வெளியே எடுத்து மறுபடி நிறுத்து. பின்னால் ஹாரன் அடிப்பவன் அடிக்கட்டும். அப்புறம் அரியலூர் தாண்டி, திருமானூர் தாண்டி, தஞ்சாவூர் வரை ஓட்டிக்கொண்டு போ. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுப் போ.